டப்பி ஹேய்ஸின் மூச்சு

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் இசைத்தட்டையாவது முழுதாகக் கேட்காமல் படுப்பதில்லை என்று பல ஆண்டுகளாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அந்த வழக்கத்துக்குள் தற்செயலாக வந்து சேர்ந்து, பிறகு எழுந்து போகவே மறுத்துவிட்டவர் லண்டன் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் டப்பி ஹேய்ஸ். 1969இல் லண்டனில் அவர் பதிவு செய்து, ஐம்பது ஆண்டுகள் காப்பகத்தில் வெளிவராமல் கிடந்த ஒலிநாடாக்கள் 2019இல் வெளியானபோதுதான் அவருடைய பெயரை நான் முதன்முறையாகக் கவனித்தேன். ஜாஸ் என்றால் அமெரிக்கா, இங்கிலாந்தில் இருப்பது அதன் நகல் என்று எவரோ எப்போதோ சொன்னதை நம்பிக்கொண்டிருந்த எனக்கு, அன்றிரவு அந்த டெனர் சாக்ஸபோனின் ஒலி தூக்கத்தைக் கெடுத்தது. அதன் பிறகு பின்னோக்கி நடக்க ஆரம்பித்தேன். 1969இலிருந்து 1967க்கு, அங்கிருந்து 1962க்கு, பிறகு 1957க்கு.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் காதுக்கு ‘டப்பி’ என்றால் மூக்குப்பொடி டப்பி நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. ஆங்கிலத்தில் அது குண்டுப் பையனைச் செல்லமாகவோ சீண்டலாகவோ அழைக்கும் சொல். எட்வர்ட் பிரையன் ஹேய்ஸ் என்ற முழுப்பெயரோடு 1935 ஜனவரி 30 அன்று லண்டனில் பிறந்த அவர் உயரத்தில் குட்டை, உடம்பில் பருமன். ‘குட்டி ராட்சதர்’ என்ற பொருளில் பின்னாளில் ரசிகர்கள் இன்னொரு பட்டப்பெயரும் சூட்டினார்கள். தந்தை பிபிசியின் இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். வீட்டில் வயலினில்தான் பிள்ளையார் சுழி, எட்டு வயதில். பிறகு பியானோ. பதினொன்று, பன்னிரண்டு வயதில் கைக்கு வந்த டெனர் சாக்ஸபோன் மற்ற இரண்டையும் ஓரம் கட்டிவிட்டது. ஆனால் அந்த வயலின் பாடம் வீண் போகவில்லை என்பது என் எண்ணம். தாளைப் பார்த்த மாத்திரத்தில் தடங்கலின்றி வாசிக்கிற பழக்கம் சின்ன வயதிலேயே ஊறாவிட்டால் பின்னாளில் அவர் செய்த பாதி வேலைகளைச் செய்திருக்கவே முடியாது.

ரோனி ஸ்காட் என்ற சாக்ஸபோன் கலைஞர் அப்போதே லண்டனில் பெயர் எடுத்திருந்தவர். அவர் வாசித்துக்கொண்டிருந்த ஓர் இடத்துக்கு, கையிலிருந்த வாத்தியத்தைவிடச் சற்றே பெரிய ஒரு பள்ளிப் பையன் வந்து தானும் கூட வாசிக்கலாமா என்று கேட்டிருக்கிறான். பெரியவர் தோரணையில் ஸ்காட் ஒரு பாட்டைச் சொல்ல, பையன் வாசிக்க ஆரம்பித்ததும் தனக்குக் குலை நடுங்கிப் போனதாக ஸ்காட் பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்தப் பையன்தான் டப்பி. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது பையனின் மேதைமை மட்டுமில்லை. தன்னை ஒரு சிறுவன் மிஞ்சியதை மேடை மேடையாகச் சொல்லத் தயங்காத ஸ்காட்டின் மனசும்தான்.

1951இல், பதினாறு வயதில், எக்காளக் கலைஞர் கென்னி பேக்கரின் அறுவர் குழுவில் ஹேய்ஸ் சேர்ந்தார். அதன் பின் ஆம்ப்ரோஸ், விக் லூயிஸ், ஜாக் பார்னெல் என்று ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு. இவற்றில் பெரும்பாலானவை நடன அரங்குகளுக்கு வாசித்த குழுக்கள். இரவுதோறும் முப்பது நாற்பது பாட்டுகள், எல்லாம் தாளில் எழுதியவை, இடையில் எட்டே எட்டுத் தாளவட்டங்களுக்குத் தனியாக வாசிக்க வாய்ப்புக் கிடைத்தால் அன்று நல்ல நாள். அப்படிப்பட்ட கூலி வேலையில் வளர்ந்தவர் 1955இல், இருபது வயதில், எட்டுப் பேர் கொண்ட சொந்தக் குழுவைத் தொடங்கி ஒன்றரை ஆண்டு நாடு முழுவதும் சுற்றினார். எட்டுப் பேருக்கும் சம்பளம் கொடுத்து, எட்டுப் பேருக்கும் பாகம் எழுதி, ஊர் ஊராக வண்டியில் போவதென்றால் என்னவென்று, ஒரு நாடகக் குழுவையோ கச்சேரிக் குழுவையோ கட்டி மேய்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் குழு நீடிக்கவில்லை. ஆனால் வைப்ரபோன் என்ற உலோகப் பலகை வாத்தியத்தை அவர் கைக்கொண்டது அந்தக் காலத்தை ஒட்டித்தான்; புல்லாங்குழலும் பின்னால் சேர்ந்துகொண்டது. பாரிடோன், ஆல்டோ, சோப்ரானோ என்று சாக்ஸபோன் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களும் தேவைப்பட்டபோது கைக்கு வந்தார்கள்.

1957 ஏப்ரல் 7 அன்று லண்டன் வார்டூர் தெருவின் ஃபிளமிங்கோ கிளப்பில் ஒரு புதிய ஐவர் குழு மேடையேறியது. ஜாஸ் கூரியர்ஸ் என்று பெயர். முன்வரிசையில் இரண்டே பேர், இருவரும் டெனர் சாக்ஸபோன்: ஒருவர் ஹேய்ஸ், மற்றவர் அன்று குலை நடுங்கிய அதே ரோனி ஸ்காட். பியானோவில் டெரி ஷானன், டிரம்ஸில் பில் ஐடன். ஒரே வாத்தியம் இரண்டு என்றால் போட்டி வைத்து வேடிக்கை பார்ப்பதுதான் ஜாஸில் வழக்கம். இவர்களோ மெட்டை இருவரும் சேர்ந்தே, ஒரே வாயால் பேசுவதுபோல, வாசித்தார்கள். ‘சீக் டு சீக்’ என்ற பழைய மெட்டை அவர்கள் 1958இல் ஒரு கச்சேரியில் வாசித்த பதிவு இருக்கிறது. கன்னத்தோடு கன்னம் வைத்து மெல்ல ஆடுவதற்கென்று எழுதப்பட்ட காதல் பாட்டு அது. இவர்கள் வாசிக்கும் வேகத்தில் ஆடினால் இருவருக்கும் கழுத்துச் சுளுக்கிக்கொள்ளும்.

இந்த வேகத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஜாஸில் துரித காலம் என்றால் நிமிடத்துக்கு 300 தாள அடிகள் என்பது அரிதல்ல. அதாவது நொடிக்கு ஐந்து அடி. அடிக்கு இரண்டு சுரம் என்று வைத்தால் நொடிக்குப் பத்துச் சுரம். விரல்களுக்கு மட்டும் இது வேலையென்றால் பயிற்சியால் சமாளித்துவிடலாம். ஆனால் பின்னால் பியானோவில், பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டே போகும், சில இடங்களில் இரண்டு அடிக்கு ஒன்று என்ற கணக்கில். ஒரு கூட்டுக்குப் பொருந்துகிற சுரம் அரை நொடிக்குள் அடுத்த கூட்டுக்கு அபசுரமாகிவிடும். வாசிக்கிறவர் அந்த அரை நொடிக்குள் யோசித்து வாசிக்க முடியாது. எங்கே போய் முடியப் போகிறோம் என்பதை நான்கு கூட்டுகளுக்கு முன்பே காதில் கேட்டிருக்க வேண்டும். ஹேய்ஸின் வாசிப்பில் நான் மீண்டும் மீண்டும் கவனிப்பது அதைத்தான். மூச்சு எடுக்கும் இடங்களை எண்ணிப் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கும் இடத்தில் அவர் வாங்குவதில்லை. நீளமான ஒரு வாக்கியத்தை, இடையில் இரண்டு மூன்று வளைவுகளோடு, எழுவாயிலிருந்து பயனிலை வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் மூச்செடுக்கிறார்.

அந்தக் கூரியர்ஸ் குழு 1958இல் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்தபோது அதே மேடைகளில் வாசித்தது. அமெரிக்க விருந்தாளியைவிட உள்ளூர்க்காரர்கள்தான் அமெரிக்கர்களைப்போல ஒலிக்கிறார்கள் என்று அப்போது பேச்சு இருந்தது. 1959 ஆகஸ்டு இறுதியில் குழு கலைந்தது. இரண்டு மாதத்தில், அக்டோபர் 30 அன்று, சோஹோ பகுதியின் ஜெரார்ட் தெரு 39ஆம் எண் கட்டடத்தின் நிலவறையில் ரோனி ஸ்காட் தன் பெயரிலேயே ஒரு ஜாஸ் கிளப் திறந்தார். முதல் நாள் கச்சேரி டப்பி ஹேய்ஸ் நால்வர் குழுவினுடையது.

லண்டனுக்குப் போக நேர்ந்த ஒரு சமயம் அந்தத் தெருவைத் தேடிப் போனேன். கிளப் 1960களின் நடுவிலேயே ஃபிரித் தெருவுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. ஜெரார்ட் தெரு இப்போது சீனக் கடைத்தெரு. சிவப்புத் தோரணங்களுக்குக் கீழே உணவகக் கண்ணாடிகளுக்குப் பின்னால் எண்ணெய் சொட்டச் சொட்ட வாத்துகள் தொங்கிக்கொண்டிருந்தன. நிலவறை என்றால் உள்ளே எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்று அந்தக் கட்டடங்களின் அகலத்தைப் பார்த்தாலே புரிந்துவிடுகிறது. ஓரத்தில் நின்றவருக்கும் சாக்ஸபோனின் வாய்க்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருந்திருக்கும். 1962 மே மாதம் இரண்டு இரவுகள் அந்த நிலவறையிலேயே பதிவாகி வெளிவந்த தட்டுகளைக் கேட்டால் அந்த நெருக்கம் தெரியும். எக்காளத்தில் ஜிம்மி டியூகார், பியானோவில் கோர்டன் பெக். கிளாஸ்கள் உரசுகிற சத்தம், எவரோ ஒருவருடைய இருமல், நடுவே ஹேய்ஸ் டெனரை வைத்துவிட்டு வைப்ரபோன் குச்சிகளை எடுக்கிறார். சுரத்தை நீட்டி மிதக்கவிட அந்த வாத்தியத்தில் வசதி உண்டு. அதனால் அவருக்குள் இருந்த மெல்லிய மனிதர் அதில்தான் எளிதாக வெளியே வருகிறார் என்று தோன்றும்.

இங்கே ஒரு வரலாற்றுச் சிக்கலைச் சொல்லியாக வேண்டும். 1930களின் நடுப்பகுதியிலிருந்து 1956 வரை, இருநாட்டு இசைக்கலைஞர் சங்கங்களின் தகராறால், அமெரிக்கக் குழுக்கள் பிரிட்டனில் வாசிப்பது ஏறக்குறைய முடங்கிக் கிடந்தது. ஹேய்ஸின் தலைமுறை ஜாஸைக் கற்றது பெரும்பாலும் இசைத்தட்டின் ஊசி முனையிலிருந்துதான். தடை தளர்ந்த பிறகும் ஒருவர் வந்தால் ஒருவர் போக வேண்டும் என்பது விதி. ஸ்காட்டின் கிளப்புக்கு ஓர் அமெரிக்கக் கலைஞரை வாரக்கணக்கில் அழைக்க வேண்டுமென்றால், பதிலுக்கு அங்கே அனுப்ப ஒரு பிரிட்டிஷ் கலைஞர் வேண்டும். அனுப்பப்படுகிறவரை அங்கே மக்கள் காசு கொடுத்துக் கேட்க வேண்டும். ஸூட் சிம்ஸ் லண்டன் வந்ததற்கு ஈடாக 1961 செப்டம்பரில் நியூயார்க்கின் ஹாஃப் நோட் கிளப்புக்குப் போனவர் ஹேய்ஸ். பண்டமாற்றுப் போல இருக்கிறதே என்று சிரிப்பு வந்தாலும், அந்தப் பயணம் நடந்திராவிட்டால் பின்னால் பெரிய பெயர்கள் ஒவ்வொருவராக அந்த நிலவறைப் படியிறங்கி வந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

நியூயார்க்கில் கிளார்க் டெரி, ஹொரேஸ் பார்லன் போன்றவர்களோடு அவர் பதிவு செய்த தட்டில் ஒரு துளிகூட விருந்தாளியின் கூச்சம் இல்லை. அடுத்த ஆண்டு மறுபடி போனபோது ஜேம்ஸ் மூடி, ரோலண்ட் கர்க் இருவரும் உடன் வாசித்தார்கள். 1964இல் பாஸ்டன், 1965இல் லாஸ் ஏஞ்சலஸில் ஷெல்லி மேனின் கிளப். ஆனாலும் அவர் அமெரிக்காவில் தங்கவில்லை. தங்கியிருந்தால் உலகப் பெயர் எடுத்திருப்பார் என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் சேரவில்லை. நியூயார்க்கில் அப்போது நல்ல டெனர்காரர்கள் வீதிக்கு நால்வர் வேலையில்லாமல் இருந்தார்கள்.

எலிங்டன் கதைக்கு வருகிறேன். 1964 பிப்ரவரியில் அமெரிக்க இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனின் குழு லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் வாசிக்க வந்தது. அதன் தலைமை டெனர் கலைஞர் பால் கோன்சால்வெஸ் அன்று மேடையேறும் நிலையில் இல்லை. கேட்க வந்திருந்த ஹேய்ஸை அழைத்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒத்திகை கிடையாது. எலிங்டன் குழுவின் தாள்களோ பல ஆண்டுகளாக வாசித்து வாசித்து அடிக்கப்பட்டும் ஒட்டப்பட்டும் போனவை; பாதி விஷயம் தாளில் இராது, வாசிப்பவர்களின் நினைவில்தான் இருக்கும் என்பது ஊரறிந்த செய்தி. அந்த வரிசையில் இருபத்தொன்பது வயது லண்டன்காரர் ஒருவர் உட்கார்ந்து தாளையும் பக்கத்து ஆளின் தோளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே கச்சேரியை ஒப்பேற்றியது மட்டுமல்லாமல், தனக்கு வந்த தனி வாசிப்புகளில் கைதட்டலும் வாங்கியிருக்கிறார். கோன்சால்வெஸுக்கு இதில் மனக்கசப்பு ஏதும் இல்லை. பின்னர் லண்டனில் இருவரும் சேர்ந்தே தட்டுகள் பதிவு செய்தார்கள்.

இப்படியெல்லாம் எழுதிக்கொண்டே போனால் ‘சகலகலா வல்லவர்’ என்று பட்டம் கட்டிவிட்டு எழுந்துவிடலாம். தொலைக்காட்சியில் தன் பெயரிலேயே தொடர், திரைப்படங்களில் குழுவோடு தலைகாட்டல், மற்றவர்களின் படங்களுக்கும் பாட்டுகளுக்கும் பதிவுக்கூடத்தில் கூலிக்கு வாசிப்பு, சொந்தமாகப் பெரிய இசைக்குழு, அதற்குப் பாகம் எழுதும் வேலை. 1964இல் வெளியான ‘டப்ஸ் டூர்ஸ்’ என்ற பெரிய குழுத் தட்டு ஒன்றில் நாடு நாடாகச் சுற்றிக்காட்டுவதுபோல மெட்டுகளைக் கோத்திருக்கிறார். கைத்தேர்ச்சியில் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அதில் பாதிக்கு மேல் சுற்றுலாப் படக்காட்சி பார்த்த உணர்வுதான் மிஞ்சியது. இத்தனை திறமையும் அவரே விரும்பித் தேடிக்கொண்டவையா என்று எனக்கு ஐயம் உண்டு. லண்டனில் ஒரு நால்வர் குழுவை மட்டும் வைத்து ஒரு ஜாஸ் கலைஞர் வாடகை கட்ட முடியாது. எதைக் கொடுத்தாலும் வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் தொலைபேசி மணி அடிக்கும். அந்தப் பன்முகத்திறனில் ஒரு பங்கு மேதைமை, ஒரு பங்கு வயிற்றுப்பாடு.

விமர்சகர்கள் அவர்மேல் வைத்த குறை, நம் சபாக்களில் அடிக்கடி காதில் விழும் குறைதான்: கை வேகம் அபாரம், பாவம் போதவில்லை. ஆரம்ப காலத் தட்டுகள் சிலவற்றைக் கேட்கும்போது நானும் தலையாட்டியதுண்டு. தண்ணீர் குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்ததுபோலச் சுரங்கள் கொட்டுகிற இடங்கள் உண்டு. ஆனால் 1967இல் பதிவான ‘மெக்சிகன் கிரீன்’ தட்டுக்கு முன்னால் அந்தக் குறை நிற்காது. அதற்குள் லண்டனின் நிலைமை மாறியிருந்தது. பீட்டில்ஸ் அலைக்குப் பிறகு ஜாஸ் கிளப்புகள் ஒவ்வொன்றாக ரிதம் அண்ட் புளூஸுக்கு மாறிக்கொண்டிருந்தன. கூரியர்ஸ் அரங்கேறிய அதே ஃபிளமிங்கோவில் ஜார்ஜி ஃபேம் பாடினார், அவருடைய 1966ஆம் ஆண்டுத் தட்டு ஒன்றில் ஹேய்ஸும் வாசித்தார். இன்னொரு பக்கம் ஜாஸுக்குள்ளேயே கட்டுகளை உடைத்து வாசிக்கும் இளைஞர்கள் வந்துவிட்டார்கள். முப்பத்திரண்டு வயதில் ஹேய்ஸ் இரு தரப்புக்கும் பழைய ஆளாகிவிட்டார்.

அவர் செய்தது என்னவென்றால், தன்னைவிட இளையவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு நால்வர் குழு அமைத்தார். பியானோவில் மிக் பைன், டபுள் பாஸில் ரான் மேத்யூசன், டிரம்ஸில் டோனி லெவின். தட்டின் பெயர் தாங்கிய கடைசிப் பகுதி நீளமானது. முன்னேற்பாடான சுரக்கூட்டு வரிசை அதில் பல இடங்களில் இல்லை. தாளம் தளர்ந்து, நின்று, மறுபடி பிடித்துக்கொள்கிறது. அத்தனை காலம் நிற்காமல் ஓடியவர் இங்கே நிற்கிறார். ஒரே சுரத்தை எடுத்துக் கரகரக்கவிட்டு, விட்டு, டிரம்ஸ் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு, அதன் பிறகே அடுத்த வாக்கியத்தை ஆரம்பிக்கிறார். மூச்சு வாங்கும் இடைவெளிகளும் இசைக்குள் சேர்ந்துவிட்டன. அவருடைய வாழ்நாளில் வெளியான தட்டுகளில் எனக்கு இதற்கே முதலிடம். பல வாத்தியக்காரர் என்று புகழப்பட்டவருடைய ஆகச் சிறந்த வேலை பெரும்பாலும் டெனர் ஒன்றையே நம்பி நிற்கிறது என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

1969 கோடையில் டிரம்ஸில் ஸ்பைக் வெல்ஸ் சேர்ந்த நால்வர் குழுவோடு அடுத்த தட்டுக்கான பதிவுகள் நடந்தன. (வெல்ஸ் பின்னாளில் ஆங்கிலிகன் திருச்சபையின் பாதிரியார் ஆனார், டிரம்ஸையும் விடவில்லை.) அவற்றைப் பதிவு செய்த அதே காலத்தில், அன்றைய பாப் மெட்டுகளைப் பெரிய இசைக்குழுவுக்கு மாற்றி எழுதிய ஒரு தட்டும் தயாரானது. தட்டு நிறுவனம் 1970இல் கடைக்கு அனுப்பியது அந்த இரண்டாவதைத்தான். நால்வர் குழுவின் நாடாக்கள் அலமாரிக்குப் போயின. விற்பனைக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அந்த முடிவு சரியாகவே பட்டிருக்கும். பாப் மெட்டுத் தட்டையும் தேடிப் பிடித்துக் கேட்டேன். குற்றம் ஒன்றும் இல்லை, எல்லாம் சுத்தமாக இருக்கிறது. இரண்டாம் முறை கேட்கத் தோன்றவில்லை.

அந்த ஆண்டுகளில் உடம்பு அவரைக் கைவிட ஆரம்பித்திருந்தது. குடி ஏற்கெனவே இருந்தது, 1960களில் ஹெராயினும் சேர்ந்தது; இதயமும் பழுதுபட்டது. 1971இல் இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. மாதக்கணக்கில் வாத்தியத்தைத் தொட முடியாமல் இருந்து, 1972இல் மேடைக்குத் திரும்பி ஸ்காண்டிநேவியா வரை போய் வாசித்துவிட்டு வந்தார். அந்தக் காலத்துப் பதிவைக் கேட்கும்போது என் காது தானாக மூச்சு வாங்கும் இடங்களை எண்ண ஆரம்பித்துவிடுகிறது. முன்னைவிட அடிக்கடி வருகின்றன. நீண்ட வாக்கியங்கள் இரண்டாக, மூன்றாக உடைந்திருக்கின்றன. உடைந்த ஒவ்வொரு துண்டையும் அவர் முழு வாக்கியமாகவே முடிக்கப் பார்க்கிறார். சில இடங்களில் முடிகிறது, சில இடங்களில் பியானோ அந்த மிச்சத்தை எடுத்துக்கொள்கிறது.

1973 ஜூன் 8 அன்று ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் இரண்டாவது இதய அறுவைச் சிகிச்சையின்போது இறந்துபோனார். வயது 38. டெம்போ என்ற சிறிய தட்டு நிறுவனத்தின் பெயரில் அவர் 1950களில் வெளியிட்ட தட்டுகளின் முதல் பதிப்புகளுக்குச் சேகரிப்பாளர்கள் இன்று நூற்றுக்கணக்கான பவுண்டுகள் கொடுக்கிறார்கள். என்னிடம் இருப்பதெல்லாம் மறுபதிப்புகள்தான். நேற்றிரவும் அந்த 1969 பதிவின் தட்டைத்தான் போட்டேன். இரண்டாவது பக்கம் முடிந்து ஊசி உள்வட்டத்தில் உரசிக்கொண்டிருந்ததை வெகுநேரம் கழித்தே கவனித்தேன்.